மாம்பால்

காம்பை முறித்ததும் சீறும் அந்தப் பால்
ஒன்பது சீசனாய் என் முழங்கைவரை வழிந்தது.
கழுவினால் போச்சு.
கழுவாவிட்டாலும் போச்சு.
மருதனார்மடத்து மொத்தக் கடையில்
கறுத்தக்கொழும்பானைக் குப்புறக் கவிழ்த்து
பால் வடியவிட்டு, துடைத்து,
பெரிசு சிறிசு பிரித்து அடுக்குவது என் வேலை.
கொழும்பு லொறி ஆறரைக்கு வெளிக்கிடும்.

பத்தாவது சீசன், ஆனியில் ஒரு செவ்வாய்
பால் பட்டது.
வியாழன் இரவுதான் கடி தொடங்கியது.
இடையில் இருந்த இரண்டு நாளுக்குள்
நான் யாரைத்தான் சந்தேகப்படவில்லை:
மலிவு விலைச் சவர்க்காரம்,
புதன்கிழமை தின்ற நண்டு,
வளையலைப் பார்த்துப் பெருமூச்சுவிட்ட
மூன்றாம் வீட்டுக்காரியின் கண்.
பால்மேல் மட்டும் எண்ணமே போகவில்லை.
பழகின சாமானல்லவா.

வெள்ளிக்கிழமை
கோடு இழுத்தாற்போல் கொப்புளங்கள்,
பால் ஓடிய வழியிலேயே,
ஒரு சொட்டும் பிசகாமல்.

பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்,
இலக்கம் அறுபத்தொன்று.
வாங்கில் பக்கத்தில் இருந்தவர்
மெல்ல மெல்ல அரக்கி விளிம்புக்கே போய்விட்டார்.
டொக்டர் கேதாரினி உறையில்லாத விரலால்
என் கையைத் தொட்டுப் பார்த்தார்.
"இது தொத்தாது" என்று
அந்த மனிசனுக்குத்தான் முதலில் சொன்னார்.
கொப்புளத்துத் தண்ணியில் ஒன்றுமில்லையாம்.
நகத்துக்குள், சட்டைக் கையில், கத்திப் பிடியில்
காய்ந்தும் சாகாமல் கிடக்கும் எண்ணெய்தான்
ஆளைத் தேடுமாம்.
பட்ட உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால்
பாதியாவது தப்பியிருக்கும்.

"ஒன்பது வருசம் ஒண்டும் செய்யேல்லையே டொக்டர்?"

"உங்கட தோல் அதைப் பாடமாக்கிக்கொண்டு இருந்திருக்கு.
இப்ப பாடமாகிட்டுது. இனி மறக்காது."

மருந்துத் துண்டின் பின்பக்கம்
அவர் ஒரு குடும்பம் கீறினார்.
மா. மரமுந்திரிகை.
துணிக்குக் குறிபோடும் சேங்கொட்டை.
கடைசிக் கிளையில் ஒரு கொடி,
கனடாவில் வேலியோரம் படர்வது,
காம்புக்கு மூன்று இலை.
"ஒண்டை ஒண்டு கண்டதேயில்லை.
எண்ணெய் மட்டும் கிட்டத்தட்ட ஒண்டு."

லீவு கேட்டுக் கையைப் படமெடுத்து
முதலாளி ரூபேந்திரனுக்கு அனுப்பப்போய்
வீங்கின விரல் ஒரு பெயர் வழுக்கிவிட்டது.
ரூபன் அண்ணா.
மூன்று வருசமாய்ப் பேச்சில்லை.
இணுவிலில் இரண்டு பரப்புக் காணி,
எல்லையில் ஒரு மாமரம்,
அது எவர் பக்கம் என்று
இரண்டு நில அளவையாளரும்
இரண்டு விதமாய்க் கல்லுப் போட்டார்கள்.

அழிக்கமுன் நீலச் சரி விழுந்துவிட்டது.

விடியப்புறம் ஒரு படம் வந்தது, எழுத்தில்லாமல்.
ஒரு கணைக்கால்.
அதே கோடு, அதே கொப்புளம்.
பிறகு ஒவ்வொன்றாய்:
"பிரம்ப்டன் வீட்டில வேலி துப்பரவாக்கேக்க."
"முதல் வருசம் ஒண்டும் செய்யேல்லை."
"கொடி காய்ஞ்சிட்டுதெண்டு எரிக்கப் போனன்,
பக்கத்துவீட்டுக்காரன் ஓடிவந்து மறிச்சான்.
புகையும் விசமாம்."
"அண்டைக்குப் போட்ட சப்பாத்தை
அடுத்த வருசம் எடுத்துப் போட்டன்.
திரும்பவும் வந்தது."

நான் இறாக்கையைப் பார்த்தேன்.
பொலித்தீன் பைக்குள் உறுதி,
மூன்று வருசமாய்த் தொடாத தாள்.

"சொறியாதை" என்று கடைசியாய் எழுதியிருந்தான்.
சொறிந்துகொண்டேதான் வாசித்தேன்.

இப்போது எனக்குத் தராசடியில் வேலை.
நீட்டுக் கையுறைக்குள் வேர்வை கொதிக்கிறது.
தோல் சீவினால் சதையைத் தின்னலாம்,
சீவுவது வேறு ஆளாய் இருக்கட்டும் என்கிறார் டொக்டர்.
வேறு ஆளென்றால் என் மனுசன்;
கொட்டையில் பாதிச் சதையை விட்டுவிடுவான்.

எல்லை மரம் இந்தமுறை கொப்பு முறியக் காய்த்திருக்கிறது.
பிடுங்க ஆள் பிடிக்கவேணும்.
கூலியை ஆர் குடுக்கிறது என்று
அண்ணனுக்கு எழுதி வைத்திருக்கிறேன்,
இன்னும் அனுப்பவில்லை.