கண்களுக்கு இடையே உள்ள தூரம்

முதலில் இறகைப் பார்.
குந்தியதும் விரித்தே வைத்திருந்தால் தும்பி.
முதுகோடு மடித்தால் ஊசித்தும்பி.
சொல்லி வாய் மூடவில்லை,
விரித்த இறகோடு ஓர் ஊசித்தும்பி
கோரையில் தொங்கி
என்னைப் பொய்யாக்கியது.

ஆகவே கண்.
ஊசிக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே
ஓர் ஒழுங்கையே போகும்.
தும்பிக்குத் தலை முழுக்கக் கண்,
உச்சியில் ஒன்றையொன்று முட்டும்,
பெரும்பாலும்.
(விதி எழுதினால் இந்தச் சொல்லையும் எழுது.)

போயா விடுமுறை.
தியவன்னாவுக்கு அப்பால் சதுப்பில் பலகைப் பாதை.
ஒன்பதரைக்குள் பதினொரு வகை:
சாக்கடைத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் செம்மஞ்சள் இறகு,
வண்ணத்துப்பூச்சியென்று ஏமாற்றிப் பறக்கும் கறுப்பு மஞ்சள்,
இன்னொரு தும்பியின் தலையை
நிதானமாகத் தின்றுகொண்டிருந்த பச்சை வரியன்.
பன்னிரண்டாவது
மிதக்கும் சல்வீனியா மேல்.
மஞ்சள் உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு.
"பெண்" என்று எழுதினேன்.

"மொனவத பலன்னே?"

பின்னால் சீருடை. தோளில் துவக்கு,
ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன்.
அந்த மரங்களுக்குப் பின்னால்தான் பாராளுமன்றம்;
என் லென்ஸோ முழங்கை நீளம்.
தும்பிக்குச் சிங்களம் வாய்க்கு வரவில்லை.
இரண்டு கையையும் விரித்து
அடித்துக் காட்டினேன்,
முப்பத்தெட்டு வயதில்.

"ஆ, பத்கூரா."
சிரிக்கவில்லை. "ஐடென்டி?"

அட்டையைப் பார்த்தான், முகத்தை,
மறுபடி அட்டையை.
பதினாறு வயதில் எடுத்த படம்;
இரட்டைப் பின்னல், பயந்த நாடி.
அவள்தான் நான் என்று
எனக்கும் அவ்வளவு நிச்சயமில்லை.

எடுத்ததைக் காட்டச் சொன்னான்.
கமெராவின் சின்னத் திரைக்கு
இருவரும் குனிந்தோம்.
அவனிடம் சந்தனச் சவர்க்கார வாசம்.
கடைசிப் படத்தில் விரலை வைத்தான்:
"மேக்க ரத்து வெனவா."
இது சிவக்குமாம்.
காவலரணின் முள்கம்பியில்
தினமும் வந்து குந்துகிறதாம்.
போன கிழமை ஒன்று மஞ்சள்,
இந்தக் கிழமை அதே கம்பியில்
கொச்சிக்காய்ப் பழம் மாதிரியாம்.

பிறகு தன் கொப்பியை எடுத்து
என் பெயர், இலக்கம், நேரம் எழுதினான்.
தலைகீழாக வாசித்தேன்:
சாந்தரூபியில் ஓரெழுத்துப் பிழை.
சொல்லவில்லை.

அவன் பலகை அதிர நடந்து போனபின்
"பெண்" என்பதை வெட்டி
"ஆண். இளசு. சிவக்கும்" என்று திருத்தினேன்.
பக்கத்துக் கட்டத்தில்
அடையாளம் சொன்னவர் பெயர் வேண்டும்.

நான் கேட்கவில்லை.