சரத்தோவ், அச்சுக் கோக்கும் இரவு

ஒரே ஈயம். மூன்று துண்டறிக்கை.
கிளாஃபிரா கோக்கிறாள்.

"பொறுங்கள், முதலாளித்துவம் பழுக்கட்டும்"
என்ற மென்ஷெவிக் மித்ரோஃபானுக்கு
காற்புள்ளிகள் போதவில்லை.

அராஜகவாதி சவ்வா, பழைய பாக்கியோடு வந்தவன்,
"அரசு என்ற சொல்லையே உருக்கிவிடு" என்றான்.

போல்ஷெவிக் யெவ்லம்பியா
கையுறையைக் கூடக் கழற்றவில்லை:
"பழையதை உடைப்போம்,
நம் கையால் ஒன்று கட்டுவோம்.
கட்சி முன்னே நடக்கும்.
வர்க்கங்கள் ஒழிந்த அன்று
அரசு தானே உலர்ந்து உதிரும்."

"எந்த அன்று? தேதிக்கு இடம் விடவா?"

சற்று நேரம் அடுப்புதான் பேசியது.
"வேண்டாம். நெருக்கிக் கோ."

விடியலில்
மற்ற இரண்டையும் பிரித்து
எழுத்து எழுத்தாகப் பெட்டியில் போட்டாள்.

இதன்மேல் மட்டும் ஒரு சீட்டு,
யெவ்லம்பியாவின் கையெழுத்தில்:
பிரிக்காதே.
நாளையும் வேண்டும்.