டிட் இல்லாத கேள்வி

ஐந்தாம் கேள்வி: ஹூ கால்டு டேவிட்?
ஆறாம் கேள்வி: ஹூ டிட் டேவிட் கால்?
படத்தில் டேவிட்டுக்கு முகம் இல்லை,
காதோரம் ஒரு போன் மட்டும்.
இரண்டுக்கும் ஒரே பேரை எழுதிவைத்தேன்,
ஒன்றாவது சரியாகிவிடும் என்று.

பெஞ்சுரு விடுதி கேன்டீனில் ஞாயிறு வகுப்பு.
மீன் பொரித்த எண்ணெய் இன்னும் மேசையில் ஒட்டுகிறது.
ஷு வென் மிஸ்ஸுக்கு வார நாளில் வங்கியில் வேலை.
சிவப்புப் பேனாவைத் திறந்தார், என் தாளைப் பார்த்தார்,
திரும்ப மூடினார்.

எங்கள் பேச்சில் இந்தத் தொல்லையே கிடையாது.
யார் கூப்பிட்டது, யாரைக் கூப்பிட்டது.
பேரின் வாலில் ஓர் ஐ, கொக்கி மாதிரி.
வாக்கியத்தை எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும்
தூக்குவது எது, தொங்குவது எது என்று தெரிந்துவிடும்.
பக்கத்து மேசை ரஃபிகுல் சொன்னான்,
வங்காளத்திலும் கே வேறு, காகே வேறாம்.
இங்கேதான் ஹூ
இரண்டு வேலைக்கும் ஒரே சட்டையில் வந்து நிற்கிறது.

மிஸ் அம்புக்குறி போட்டுப் பார்த்தார்.
எனக்குக் கடைசியில் புரியவைத்தது
துவாஸ் யார்டின் கேட்.
செய்தவனைத் தேடி வருகிற கேள்வியை
யாரும் நிறுத்துவதில்லை.
கால்டு, கால்டாகவே உள்ளே போகும்.
மற்றவனைத் தேடி வந்தால்
டிட் என்கிற காவலாளி குறுக்கே கை நீட்டுவான்.
அவனிடம் அட்டையைக் கொடுப்பதுபோல
டுவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
கால்டு
வெறும் காலாய் உள்ளே போகும்.

வெறும் கால்.
சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

மார்ச் மாதம், இரவு ஷிப்டு.
குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருக்க
அதற்குக் கீழே போனேன்.
என் தண்ணீர் பாட்டில் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.
யாரும் கூப்பிடவில்லை.
பெருவிரலும் அடுத்த விரலும் பூட்ஸோடு போயின.
விழுந்த பிறகு நான் கத்திய பேர் சந்தியாகு.
கையில் இருந்த சிக்னல் கொடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்,
தன் பெல்ட்டை உருவி என் காலைக் கட்டினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் சேஃப்டி ஆபீசர் கேட்டார்:
ஹூ கால்டு யூ?
டிட் இல்லை. இப்போது எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும்
அதில் டிட் இல்லை.
அன்றைக்கு ஊசி மயக்கத்தில்
யாரைக் கூப்பிட்டாய் என்றுதான் காதில் விழுந்தது.
நன்றி சொல்கிற குரலில் சொன்னேன்,
சந்தியாகு.
ஸ்பெல்லிங் கேட்டார்.
எழுத்து எழுத்தாய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டே வாரம். மேல்கட்டிலில் வேறொருவன் போர்வை.
ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.
அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினார்களோ.
போகும்போது பாதி தீர்ந்த பால்பவுடர் டின்னை
என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.
அவனுக்கும் என் அளவு ஆங்கிலம்தான்.
சுமைக்குக் கீழே ஆளைக் கூப்பிட்ட சிக்னல்மேன் என்று
காகிதத்தில் இருந்ததாம்.
போன மாதம் ஸ்டோர்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.
அவன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது,
எதற்காக என்னைக் கூப்பிட்டான் என்று.
கூப்பிடவே இல்லை என்பதை மறந்து.

மிஸ் ஆறாவதற்குச் சரி போட்டிருந்தார்.
ஐந்தாவதைச் சுற்றி ஒரு வட்டம்.
நாளை ஆபீசில் போய்ச் சொல்லவேண்டும்.
ஃபைல் மூடியாயிற்று என்பார்கள்.
எந்த ஆபீசர், அவர் இப்போது இல்லையே என்பார்கள்.
என்ன கேட்டாலும் இந்த முறை
முதலில் டிட்டைத் தேடுவேன், பிறகு வாயைத் திறப்பேன்.

இங்கே ஒன்பதரை. ஊரில் ஏழு.
என் புது நம்பர் அவனிடம் இருக்காது.
மூன்று ரிங், நான்கு.
பின்னால் கோயில் மணியா, ஐஸ்காரன் மணியா.
"யாரு?" என்கிறான்.

ஐ இல்லை. டிட் இல்லை.
வினைச்சொல்கூட இல்லை.

"நான்தான்" என்றேன்.
ஆபீசருக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில்.