மூன்று இடி

தறி ஓடும்போது டிவிக்கு வாய் கிடையாது.
பொதட்டூர்பேட்டையில் மதிய நாடகத்தைப்
பார்ப்பார்கள், கேட்க முடியாது.
மாமியார் திரும்புவாள்.
மறுபடி திரும்புவாள்.
இன்னொரு தரமும் அதே திரும்பல்.
அந்த நேரம் ஊடை அறுந்தால்
லுங்கியில் ஒரு விரல் ஓட்டை விழும், அவ்வளவுதான்,
யாரும் எழ மாட்டார்கள்.

அந்தத் திரும்பலை நக்கலடிக்கத்தான் கோதண்டம் ஆரம்பித்தான்
‘மஞ்சள் கயிறே மன்னித்துவிடு’.
உள்ளூர் கேபிள், தினம் கால் மணி நேரம்.
மருமகள் சுகுணா, பத்திர ஆபீசில் டைப் அடிப்பவள்.
மாமியார் ஏகாம்பரம்,
பாரதக் கூத்தில் துரோபதை கட்டுகிறவர்.
“அவளுக்குத்தான்யா மீசை எடுப்பேன்,
இவளுக்கு எதுக்கு?” என்று மீசையோடே நடித்தார்.

இடி நான்.
எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் மூடியை
மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுவேன்.
காபியில் சர்க்கரை கம்மி: மூன்று தட்டு.
கேஸ் தீர்ந்துபோச்சு: மூன்று.
கூரியர்காரன் கதவு மாறித் தட்ட
ஏகாம்பரம் மூர்ச்சையானார்: ஒன்பது.
தறிக்கூடத்தில் ஒன்றும் கேட்காது.
ராத்திரி மறு ஒளிபரப்பில்தான் என் பெயர் எடுபடும்.

நாற்பத்தேழாம் நாள்
சுகுணா தாலியைக் கழற்றி
நகரி அடகுக்கடைத் தராசில் வைத்தாள்.
நான் மூடியைத் தூக்கினேன்.
“வேணாம். எடை பாக்கட்டும்” என்றான் கோதண்டம்.
நாலு கிராம் எழுநூறு.
ரசீதை மடித்துப் பர்சில் வைத்தாள்,
வழியில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினாள்,
சொத்தையைப் பொறுக்கித் தள்ளிவிட்டு.
தொடரும்.

விடிந்தால் ஆன்டெனா முழுக்கச் சாணி.
தமிழ் போஸ்டர் பெண்மை, பண்பாடு என்றது.
தெலுங்கு போஸ்டருக்கு மீசை மட்டும்தான் பிரச்சனை.
எடுத்தது ஆந்திராவில், அங்கே போங்க
என்றார் இந்தப் பக்கத்து எஸ்.ஐ.
ஒளிபரப்பினது தமிழ்நாட்டில், அங்கே போங்க
என்றார் அந்தப் பக்கத்து எஸ்.ஐ.
மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் கூட்டம் போய்ப் போய் வந்தது.
ஆட்டோ எங்கள் கேமராமேனுடையது.
நல்ல வசூல் என்றான்.

கோதண்டம்தான் பயந்துபோனான்.
ஐம்பதாம் நாள்,
படத்துக்கு மாலை போட்டிருந்த மாமனார்
உயிரோடு வாசலில் வந்து நின்று
தாலியை மீட்டுக் கொடுத்தார்.
என் வாழ்நாளின் நீளமான இடி.
ஊர் சமாதானமாகிவிட்டது.
போஸ்டர் மேல் எலி மருந்து போஸ்டர் ஒட்டினார்கள்.

அன்று ராத்திரிதான்
கன்ட்ரோல் ரூம் கண்ணாடியில் கல் விழுந்தது.
ஒரே ஒரு கல்.
எட்டிப் பார்த்தேன்.
தெருவிளக்கின் கீழ், தலையில் பஞ்சுத் துகளோடு,
ஷிப்டு முடிந்து வந்த சம்பூர்ணம்.
என் சம்சாரம்.
கேமரா இருந்திருந்தால்
நான் மூன்று தரம் திரும்பியிருப்பேன்.

“கோதண்டத்துக்கிட்ட
கிராமுகூட கரெக்டா சொல்லிக்கீற.
கத்தரிக்காவையும் உடல.”
இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாவு நூலுக்காக.
டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னேன் என்றேன்.
“சொல்லிட்டுப் போ. அந்தப் பொண்ணு
சொத்தை பொறுக்கறதப் பாத்து
நானே சிரிச்சேன், தறிய நிறுத்திட்டு.
மாமனாரு எங்கேர்ந்துடா வந்தாரு?
ரசீது இன்னும் அரிசி டின்னுல கீது.”

கண்ணாடித் துண்டுகளை
இருவருமாகத்தான் பெருக்கினோம்.
சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தவள்
எதையோ மறந்தவள்போல இறங்கினாள்.
“அந்த மூடிய எடுத்தா.
அம்பது நாளா தண்ணி சூடாவ மாட்டேங்குது.”