ஒன்பதாவது நிலை

நாற்பத்தாறு வயதில்
நேமத்தான்பட்டியில் ஒரு காட்டுக்குள் வழி தவறினேன்.
காடு என்றால்,
வெட்டி இழுத்து, மோல்மேனில் கப்பலேற்றி,
கடைந்து நிறுத்திய காடு.
வளவைச் சுற்றி அறுபத்துநாலு தேக்குத் தூண்.
எண்ணிக்கொண்டிருந்தேன். அதுதான் தொழில்:
இடிக்கப்போகிற வீட்டுக்குள் முதலில் நுழைந்து
மரத்துக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு என்று எழுதுவது.
நாற்பத்தொன்றாம் தூணில் கரண்ட் போனது.
போனில் மூன்று சதவீதம்.

இருட்டில் ஒருவர் இருமினார்.
பெயர் சேவுகன். மோல்மேன் கடையில் அடுத்தாள்.
மூன்று வருஷக் கணக்கை முடிக்காமல்
காலராவில் போனவர்.
"வா. ஒன்பது நிலை. நேராக நட.
முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற வீடு.
தெரியும்; போய்ச்சேரத்தான் நாளாகும்."

முதல் நிலையில்
கஜலட்சுமிக்கும் இரண்டு கிளிகளுக்கும் கீழே
நல்வரவு என்று செதுக்கியிருந்தது.
"வரவு என்றால் வரவுதான்," என்றார்.
"உள்ளே வந்தது எதுவும் இங்கே செலவாகாது."

ஓர் அறையில்
கடன்பட்டவன் பட்டினியை எழுதாமல் விட்டவர்கள்
சாவிக்கொத்து குலுங்க வட்டமாக நடந்தார்கள்.
வட்டி குட்டி போட்டது, வட்டம் சிறுத்தது,
கடைசியில் நின்ற இடத்திலேயே சுழன்றார்கள்
பூட்டு கிடைக்காத சாவிகளாக.
அடுத்த அறையில்
மருமகள் கொண்டுவந்ததை எண்ணியவர்கள்
எவர்சில்வர் அடுக்குகளில்
ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.
ஒரு மூடியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஆறாவது நிலைக்கு அப்பால் வெயில் இல்லை.
இத்தாலிச் சலவைக்கல்லின் குளிர்
பாதத்தில் ஏறி முழங்காலைப் பிடித்தது.
நம்பியவரை ஏமாற்றியவர்கள் கல்லுக்குள் கிடந்தார்கள்.
சாம்பல் நரம்பு, உயர் ரகம் என்று
சற்று முன் நான் சதுர அடி விலை போட்டது
அவர்கள் தலைமுடி.

ஒரு சதுரம் மட்டும் வெறும் வெள்ளை.
"இது யாருக்கு?"
அடுத்தாள் பேரேட்டைப் பிரித்தார்.
பற்றுப் பக்கத்தில் என் பெயர், இனிஷியல் உட்பட.
உமையாள், பள்ளத்தூர். வாசற்கதவு ஒன்று.
செல்லரித்தது என்று சொன்னது.
கொடுத்தது நாற்பதாயிரம்.
கொச்சியில் விற்றது
"வாசிக்க வேண்டாம்," என்றேன்.
"சரி. வட்டி வாசிக்காமலே ஓடும்."

இரண்டாம் கட்டில் சிலர்
முட்டை வெள்ளை கலந்த சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்
தன் முகம் தெரியும்வரை.
தெரிந்ததும் அழுதார்கள்.
பிறகு, அது மறைந்து
பின்னால் நிற்பவன் முகம் தெரியும்வரை தேய்த்தார்கள்.
அதற்குத்தான் நாளாகுமாம்.
நானும் கொஞ்சம் தேய்த்தேன். சுண்ணாம்பு கையைச் சுட்டது.

எட்டாவது நிலையில் அடுத்தாள் நின்றுவிட்டார்.
"எனக்கு இதுவரைதான் அதிகாரம்."
முதலாளியைப் பார்த்ததுண்டா?
"கடிதம் வரும்," என்றார்.

ஒன்பதாவது நிலையில் கதவே இல்லை.
கீல் பிடுங்கிய தழும்பு.
இடப்பக்கம் கடப்பாரை வைத்திருக்கிறார்கள்,
அது என் ஆட்களின் கைப்பழக்கம்.
அப்பால், கண் கூசாத முழு வெளிச்சத்தில்
உமையாள் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
என்னைவிட இரண்டு வயது இளையவர்,
போன ஐப்பசியில் இறந்தவர்.
"கதவு போனதும் வசதிதான்.
யார் வந்தாலும் எழுந்திருக்க வேண்டியதில்லை."
கண்ணாடியை இறக்கினார்.
"நீங்க மட்டும் ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

திறந்து கிடந்தது.
காலெடுத்து வைக்க முடியவில்லை.

கரண்ட் வந்தபோது
நாற்பத்தொன்றாம் தூணைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர்:
"எவ்வளவு தேறும்?"
"ஒரு கதவு குறையுது."
"அதெப்படி, ஒன்பதும் இருந்ததே?"
"இருந்தது," என்றேன். போன் அணைந்தது.

எதையும் எண்ணாமல் தெருவுக்கு வந்து
ஆட்டோக்காரரிடம் கேட்டேன்,
கொச்சிக்கு எங்கே வண்டி ஏறணும்.