அறுபது முட்டை

மச்சாமே வாசலில் தராசு.
இருபது கிலோவுக்கு மேல் முள் நகர்ந்தால்
காவலர் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்.
ஐகாருவாவின் பங்குக்கு
அறுபது முட்டை, ஓர் அடுப்பு,
யாரோ ஒருவரின் மடக்கு நாற்காலி.

எந்தப் பாதை சுலபம் என்று கேட்கிறார்கள்.
மரங்குவில் கட்டில் உண்டு.
ரொங்காயில் மழை குறைவு.
உம்ப்வே, நிமிர்த்தி வைத்த ஏணி.
முட்டையைக் கேட்டால் வேறு சொல்லும்.

பர்ராங்கோ சுவரில்
தலைக்கு ஒரு கை, பாறைக்கு ஒரு கை.
மூக்கு வழிந்தால் வழியட்டும்.
'போலே போலே', மெல்ல மெல்ல என்கிற
வழிகாட்டி ந்தேலிலியோவையும் முந்தி ஓடுகிறாள்:
அவர்கள் வருமுன் கூடாரம் நிற்க வேண்டும்,
தண்ணீர் கொதிக்க வேண்டும்.
இங்கே சீக்கிரம் கொதிக்கும்,
பருப்புதான் வேகாது.

பராஃபு முகாம். நள்ளிரவு.
நெற்றிவிளக்குகள் வரிசையாய் மேலேறுகின்றன.
சுமக்கிறவர்களுக்கு உச்சியில் வேலையில்லை.
முப்பத்தொரு முறை
இதுவரை வந்திருக்கிறாள், இதுவரைதான்.

காலையில்
உதடு வெடித்துத் திரும்பியவர்
அழுதுகொண்டே கைப்பேசியில் பனியைக் காட்டுகிறார்.
விரலால் படத்தைப் பெரிதாக்கி
பனியை ஒதுக்கிவிட்டு
மேகம் கிழிந்த ஓரத்தில் தேடுகிறாள்,
மோஷி பக்கம்,
ஒரு தகரக் கூரை.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
அட்டையைத் திறந்து எண்ணுகிறாள்.
உடைந்தது இரண்டு.