பக்கம் இருபத்தாறு

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
சிப்பெவா ஆற்றின் மேல் யாரோ லாரி ஓட்டுகிறார்கள்.
டுவைட் பாக்கன் வீட்டு நிலவறையில்,
துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
நாங்கள் இன்னொரு நிலவறைக்குள் இறங்குகிறோம்.
ஓ க்ளேரில் இது நாற்பத்தோராவது குளிர்காலம்,
டுவைட்டின் இரண்டு கல்யாணங்கள் நீங்கலாக.

மேஜைமேல் இரண்டு பதிப்புகள்.
பழையது அறுபத்து நான்கே பக்கம்.
பின் துருப்பிடித்து நடுத்தாள் கையோடு வரும்.
அட்டை டிராகனுக்கு முழங்கால் இல்லை,
வரைந்தவருக்கு என்ன அவசரமோ.
புதியது மூன்று பாகம்.
தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், புதுக் கார் வாசனை.
அதன் டிராகனில் ஒவ்வொரு செதிலும் தெரிகிறது;
பயம்தான் தெரியவில்லை என்கிறான் டுவைட்.
கண்ணாடியை மாற்று என்கிறாள் மார்லிஸ்.

பழையதில் என் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி இரண்டு,
நாளுக்கு ஒரு மந்திரம்.
காலையிலேயே அதைச் சொல்லித் தொலைத்தால்
பொழுது சாயும்வரை அவன்
தொப்பி போட்ட கணக்கப்பிள்ளை.
பூனை பிறாண்டினால் போய்ச் சேர்ந்தான்.
ஆறிலும் சாவு நூறிலும் சாவு;
அந்தப் புத்தகத்தில் ஒன்றிலேயே சாவு.

புதியதில் அவன் விரல்நுனியில் நெருப்பு,
கேஸ் தீராத லைட்டர்.
ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால்
ஈட்டி துளைத்த வயிறும் மூடிக்கொள்கிறது.
தபால்பை தூக்கித் தூக்கி
என் தோள் பத்து வருடமாகத் தூங்கி எழுகிறது.
அந்தப் பக்கத்தை மட்டும்
பொறாமையோடு படித்தேன்.

கவச எண் குறையக் குறைய உடம்பு கெட்டியாகும்,
அது பழைய கணக்கு.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை,
புரியவே மூன்று வருடம் ஆனது.
புதியதில் கூடினால் கெட்டி.
எக்ஸ்ரே எடுக்கும் பாவோ வாங்
அதை ஒரு கோக் குடிப்பதற்குள் படித்து முடித்தான்.
எங்களுக்கு லேசாக அவமானமாக இருந்தது.

பழைய தாளில் தீப்பந்தம் எத்தனை, கயிறு எத்தனை அடி,
கழுதைக்குப் பெயர்.
புதிய தாளில் உன் குறை என்ன,
யாருக்காக உயிரைக் கொடுப்பாய் என்று ஒரு கட்டம்.
மார்லிஸ் ஒரு முழு மாலை யோசித்து நிரப்பினாள்.
டுவைட் அதில் 'கழுதை' என்று எழுதினான்.

இன்று பழைய பதிப்பு, டுவைட்டின் முறை.
பாவோவின் திருடன் பெட்டியைத் திறந்தான்.
மூடியைத் தட்டினான், பூட்டில் ஊதினான், இறகால் வருடினான்.
கீலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஊசி. விஷம். பகடையில் நான்கு.

'செத்தான்' என்றான் டுவைட்.
'புதியதில் மூன்று தடவை உருட்டலாம்' என்றாள் மார்லிஸ்.
'இது புதியதில்லை. இதில் செத்தால் செத்ததுதான்.
அதனால்தான் உயிர் பிழைத்தால் ருசிக்கிறது.
இதோ, எழுதியே இருக்கிறது, பக்கம் இருபத்தாறு.'

விரித்தான்.
வாசிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டான்.

ஓரத்தில் பென்சில் எழுத்து,
பதினைந்து வயது டுவைட்டின் கோணல் கையெழுத்து:
'மார்லிஸ் அழுகிறாள். மூன்று தடவை உருட்ட விடு.
யாரிடமும் சொல்லாதே.'

'நான் அழவில்லை,' என்றாள் மார்லிஸ், 'அப்போது ஜலதோஷம்.'
'அது அந்த ஒரு தடவைக்கு,' என்றான் டுவைட்.
அதன் கீழேயே இன்னொரு பேனாவில் என் பெயர்,
அதற்கும் கீழே கழுதையின் பெயர்.
நாற்பது வருடம் பின்னால் வந்தவர்கள்
எங்கள் ஓரத்தை அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

உலர்த்தும் இயந்திரம் நின்றது.
'சரி, நான் உருட்டட்டுமா வேண்டாமா?' என்றான் பாவோ,
பதிலுக்குக் காத்திராமல் உருட்டினான்.
இருபது முகமும் ஓடி
மேஜை விளிம்பைத் தாண்டி
இயந்திரத்துக்கு அடியில் போய் நின்றது.

டுவைட் டார்ச்சோடு தரையில் படுத்திருக்கிறான்.
முட்டி வலி முனகல் கேட்கிறது.
மார்லிஸ் புதியதைப் புரட்டுகிறாள், நான் பழையதை.
மேஜையை விட்டு விழுந்த பகடை செல்லுமா என்று
எந்தப் பதிப்பிலும் இல்லை.